மீட்டரில் ஏறாத தேய்மானம்

சொந்தமாக பிரேக் வேலை பார்த்தால் எவ்வளவு மிச்சமாகும் என்று அலுவலக நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். கணக்கைப் போட்டுக் காட்டினால் அவர்களுக்குச் சற்று ஏமாற்றமாக இருக்கிறது. என் வண்டி 150 சிசி பைக். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். சென்ற ஆண்டு ஷோரூமில் கொடுத்த மதிப்பீட்டுத் தாளையே எடுத்துக்கொள்கிறேன். முன் டிஸ்க்கைக் கவ்வும் பேட் 520 ரூபாய், பின்சக்கர டிரம்முக்குள் அழுத்தும் ஷூ 330, பிரேக் ஆயில் 130. பொருட்களுக்கு மட்டும் 980. பேட் மாற்ற 200, ஷூ மாற்ற 250, ஆயில் மாற்றி ஏர் எடுக்க 350 என்று லேபர் 800. லேபருக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 144. கிளீனிங் ஸ்ப்ரே என்று தனியாக 150. ஆக மொத்தம் 2,074 ரூபாய்.

நானே செய்தால் அந்த 980 எப்படியும் செலவாகும். கிரீஸ், டியூப் போன்ற சில்லறைச் சாமான்களைக் கழித்தால் ஒருமுறைக்கு ஆயிரம் ரூபாய் மிஞ்சும். இந்த வேலை முழுவதும் சேர்ந்து வருவது இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான். அதாவது ஆண்டுக்கு 500 ரூபாய். போல்ட்டைச் சரியான அளவுக்கு இறுக்க உதவும் நல்ல டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்கினால் 2,500 ரூபாயாவது ஆகும்; அந்தக் காசை மீட்கவே ஐந்து ஆண்டுகள் வேண்டும். பணத்துக்காக இதில் இறங்க நினைப்பவர்கள் இறங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஆனாலும் என் வண்டியின் பிரேக்கை நான்தான் பார்க்கிறேன். காரணம் அந்த மதிப்பீட்டுத் தாளிலேயே இருந்தது. அதில் எழுதியிருந்த மூன்றில் ஒன்று தேவையே இல்லாதது. அவசியம் எழுதியிருக்க வேண்டிய நான்காவது விஷயம் அதில் இல்லை.

யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியைத் திருப்பி எடுத்து வந்து, கொட்டிவாக்கத்தில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் பார்க்கிங்கில் பேட்களைத் தாங்கி டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரைக் கழற்றிப் பார்த்தேன். இரண்டு பேட்களில் சக்கரத்தை ஒட்டி உள்பக்கம் இருந்தது, தேய்மானம் காட்டும் பள்ளம் மறையும் அளவுக்குத் தீர்ந்திருந்தது. வெளிப்பக்கப் பேடில் பாதிக்கு மேல் மிச்சம். ஒரே நாளில் ஒரே பெட்டியிலிருந்து எடுத்துப் பூட்டிய ஜோடி இப்படி ஒன்று தீர்ந்தும் ஒன்று தீராமலும் இருந்தால், குற்றம் பேடில் இல்லை.

நம்மூர்ச் சாலைகளில் ஓடும் பெரும்பாலான வண்டிகளில் இருப்பது மிதக்கும் வகைக் காலிப்பர். பிஸ்டன் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். லீவரை அழுத்தினால் பிஸ்டன் தன் பக்கத்துப் பேடை, என் வண்டியில் உள்பேடை, டிஸ்க்கின் மேல் தள்ளும். அந்த எதிர்விசையில் காலிப்பர் உடம்பு முழுவதும் நகர்ந்து மற்றப் பேடை மறுபக்கத்திலிருந்து இழுத்து அழுத்தும். அப்படி நகர்வதற்கு இரண்டு ஸ்லைடு பின்கள் உண்டு. அவை வழுக்கிக்கொண்டு போனால்தான் இரண்டு பேடும் சமமாக வேலை செய்யும். என் வண்டியில் ஒரு ஸ்லைடு பின்னைக் கையால் இழுத்தபோது அசையவில்லை. முறுக்கி முறுக்கி வெளியே எடுத்தால், ரப்பர் உறைக்குள் கிரீஸ் இருந்த இடத்தில் துருவும் பொடி மணலும் கலந்த காவி நிறப் பசை. மற்றொரு பின் நடுவில் வளையமாகத் துரு பிடித்திருந்தது. காலிப்பர் நகரவே இல்லை; உள்பேட் மட்டும் தனியாக வண்டியை நிறுத்திக்கொண்டிருந்திருக்கிறது.

நின்றபடி குனிந்து பார்ப்பவர் கண்ணுக்கு எளிதில் தெரிவது வெளிப்பேட். அது நன்றாக இருந்தது. அதனால்தான் அதற்கு முந்தைய சர்வீஸின் ஜாப் கார்டில் பிரேக் என்ற வரிக்கு நேரே ஒரு டிக் விழுந்திருந்தது. இந்த முறை யாரோ சற்றுக் கூர்ந்து பார்த்துப் பேட் மாற்ற வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள், அது சரிதான். ஸ்லைடு பின்னைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. புதுப் பேடைப் போட்டு அதே துருப்பிடித்த பின்களில் பூட்டியிருந்தால், அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அந்த 520 ரூபாயும் அதே மாதிரி ஒருபக்கமாகத் தேய்ந்திருக்கும்.

பின்சக்கர ஷூவோ மாற்றவே தேவையில்லாதது. பல வண்டிகளில் டிரம்முக்கு வெளியே, பெடலை மிதித்தால் நகரும் ஒரு சிறிய அம்புக்குறியும், பிரேக் தட்டில் ஓர் அடையாளமும் இருக்கும். பெடலை முழுவதும் மிதித்தபோது அம்பு அந்த அடையாளத்தைத் தொட்டால் ஷூவின் ஆயுள் முடிந்தது என்று பொருள். என் வண்டியில் அம்பு அடையாளத்துக்கு வெகு முன்னாலேயே நின்றது. சக்கரத்தைக் கழற்றாமல், ஸ்பேனரைத் தொடாமல், பத்து விநாடியில் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயம் இது.

இதற்காக ஷோரூமில் வேலை செய்யும் பையன்கள்மீது எனக்குக் கோபம் இல்லை. சனிக்கிழமை காலையில் அந்த வாசலில் நிற்கும் வண்டிகளின் வரிசையைப் பார்த்தவர்களுக்கு அவர்களுடைய நிலை புரியும். எஞ்சின் ஆயில், செயின், வாட்டர் சர்வீஸ் எல்லாவற்றுக்கும் நடுவே ஒவ்வொரு வண்டிக்கும் காலிப்பரைக் கழற்றி, பின்னை உருவி, துடைத்து, கிரீஸ் தடவிப் பூட்டுவதற்கு அவர்களுக்கு யாரும் நேரம் கொடுப்பதில்லை. பொருளை மாற்றினால் பில்லில் ஒரு வரி ஏறும். துடைத்துப் பூட்டினால் காட்டுவதற்கு எதுவும் இருக்காது. தனி ஒருவரின் சோம்பலைவிட, இந்த ஏற்பாட்டிலேயே கோளாறு இருக்கிறது.

இந்தக் கோளாறு சென்னையில் அதிகமாக வலிக்கும். சர்வீஸ் மேசையில் வண்டியை எடுத்துக்கொள்பவர் முதலில் பார்ப்பது கிலோமீட்டர் மீட்டரை. 'இன்னும் ஓட்டமே இல்லை சார், அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம்' என்பார். எஞ்சினுக்கு அது ஓரளவு பொருந்தும். பிரேக்கைக் கெடுப்பதில் ஓட்டத்தைவிட ஈரத்துக்குப் பங்கு அதிகம். ஆண்டு முழுவதும் 70 சதவீதத்தை ஒட்டியே காற்றில் ஈரப்பதம் நிற்கிற, கடலோரத்தில் உப்பும் சேர்கிற ஊர் இது. திருவான்மியூரிலிருந்து பாலவாக்கம் வரைக்கும் வீட்டு ஜன்னல் கம்பியே சில ஆண்டுகளில் உதிர்வதைப் பார்க்கிறோம். தெருவில் நிற்கும் வண்டியின் ஸ்லைடு பின் மட்டும் எப்படித் தப்பும்? வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் வெளியே எடுக்கும் வண்டியில், தினமும் ஓடும் வண்டியைவிட இது சீக்கிரம் இறுகுகிறது. அசையாமல் நிற்கும் உலோகத்தின் மேல் ஈரம் நிம்மதியாக உட்கார்ந்து வேலை செய்கிறது.

பிரேக் ஆயிலின் கதையும் அதேதான். டாட் 3, டாட் 4 என்று குப்பியில் தரம் எழுதியிருக்கும் ஆயில்கள் கிளைக்கால் என்ற வேதிப்பொருள் வகையைச் சேர்ந்தவை. காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்வது அவற்றின் இயல்பு. தர விதியின்படி புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. 3.7 சதவீதம் தண்ணீர் கலந்த நிலையில் அதே ஆயிலுக்கு விதி கேட்பது 155 டிகிரிதான். டாட் 3-க்கு இந்த எண்கள் 205, 140. ஹோஸின் ரப்பர் வழியாகவும், மூடியைத் திறக்கும்போதும் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகிறது. வண்டி ஓடினாலும் நின்றாலும் போகிறது. பெரும்பாலான கையேடுகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வதற்குக் காரணம் இதுதான். கையேட்டில் மாதக் கணக்கு எழுதியிருக்கிறது. மேசையில் கிலோமீட்டர் கணக்கு மட்டும் பேசப்படுகிறது.

155 டிகிரி என்பது அண்ணா சாலை நெரிசலில் எட்டாத சூடுதான். ஆனால் சென்னையிலிருந்து வார இறுதியில் ஏலகிரிக்குப் போகிறவர்கள் ஏராளம். அங்கே 14 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காட்டில் 20. கொல்லிமலையில் 70. இறங்கும்போது கியரைக் குறைக்காமல் லீவரைப் பிடித்தபடியே வருகிறவருடைய வண்டியில் வெப்பம் ஏறிக்கொண்டே போகும். ஒரு கணக்குச் சொல்கிறேன். வண்டியும் ஆளும் சேர்ந்து 220 கிலோ, வேகம் 60 கிலோமீட்டர் என்றால், முழுவதும் நிறுத்துவதற்கு ஏறக்குறைய 30,000 ஜூல் ஆற்றலை பிரேக் வெப்பமாக மாற்ற வேண்டும். ஒரு கிலோ எஃகு டிஸ்க் அது முழுவதையும் வாங்கிக்கொண்டால் ஒரே நிறுத்தத்தில் 65 டிகிரி அளவுக்குச் சூடேறும். அடுத்த வளைவு வருவதற்குள் அது ஆற நேரம் வேண்டும். ஆறாமல் சூடு காலிப்பருக்குள் இறங்கி, ஈரம் கலந்த ஆயில் கொதித்தால், உள்ளே ஆவிக்குமிழ் உண்டாகும். திரவத்தை அழுத்தினால் விசை போய்ச் சேரும். ஆவியை அழுத்தினால் அது சுருங்கிக்கொள்ளும். லீவர் கைப்பிடியைத் தொடும், வண்டி நிற்காது. இது நடக்கும் இடம் மலைப்பாதையாக இருக்கும்.

என் வண்டியிலிருந்து அன்று எடுத்த ஆயில் டிகாஷன் நிறத்தில் இருந்தது. நிறத்தை வைத்து ஈரத்தின் அளவைச் சொல்லிவிட முடியாது. தெளிவாகத் தெரியும் ஆயிலிலும் தண்ணீர் இருக்கலாம். அதனால் நான் நிறத்தை நம்புவதில்லை. மாற்றிய மாதத்தை எழுதி வைத்து, அதைத்தான் நம்புகிறேன்.

2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் வேளச்சேரி, முடிச்சூர் பக்கங்களில் நாள்கணக்கில் தண்ணீருக்குள் நின்ற வண்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் எஞ்சினைத்தான் காப்பாற்றினார்கள். ஸ்டார்ட் ஆனதும் நிம்மதி அடைந்தார்கள். கைப்பிடி வரை மூழ்கிய வண்டியின் பிரேக் ஆயிலை மாற்றியே ஆக வேண்டும். டிரம்மைத் திறந்து சேற்றைத் துடைத்து, ஷூவை இயக்கும் கேமின் தண்டு தடையின்றித் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். இது பலருக்குச் சொல்லப்படவே இல்லை. வெள்ள நீரில் நின்ற வண்டியை வாங்குகிறவர்களும் இதைக் கேட்பதில்லை.

இனி வேலையைப் பற்றி. ஸ்லைடு பின்னைத் துடைப்பதுதான் இதில் மிக அதிகப் பலன் தரும் வேலை. காலிப்பர் போல்ட் இரண்டைக் கழற்றி, ஹோஸில் தொங்க விடாமல் ஒரு கயிற்றால் கட்டி வைக்க வேண்டும். நைசான உப்புத்தாளால் துருவை எடுத்து, ரப்பர் உறைகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வைத்து, சிலிக்கான் கிரீஸ் மெல்லியதாகத் தடவினால் போதும். செயினுக்குப் போடும் கிரீஸையோ, பேரிங் கிரீஸையோ இங்கே தொடக் கூடாது. பெட்ரோலிய வகைக் கிரீஸ் இந்த ரப்பரை ஊதச் செய்துவிடும், ஊதிய ரப்பர் பின்னைக் கவ்விக்கொள்ளும். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் ரப்பருக்கு அதே கேட்டைச் செய்யும். எங்கள் பகுதியில் நீண்ட காலமாகக் கடை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன் ஒருவர்தான் இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தார். 'தம்பி, பேட் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அப்புறம் பாருங்கள். முதலில் காலிப்பர் கையால் தள்ளினால் நகர்கிறதா, அதைப் பாருங்கள்' என்பார். பேடைத் தொடுமுன் நான் செய்யும் முதல் சோதனை இன்றும் அதுதான்.

பேட் தூளை வாயால் ஊதுவதோ, காற்றழுத்தக் குழாயால் அடிப்பதோ வேண்டாம். பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்த காலம் உண்டு. இல்லாதவையும் நுரையீரலுக்கு நல்லவை அல்ல. ஈரத் துணியால் துடையுங்கள். தெருவோரக் கடைகளில் வேலை செய்கிறவர்கள் நாள் முழுவதும் இந்தத் தூளில்தான் நிற்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு மனம் கலங்குகிறது.

புதுப் பேட் தடிமனாக இருப்பதால் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டியிருக்கும். அதற்கு முன் பிஸ்டனின் வெளியே தெரியும் பகுதியைச் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும்; அழுக்கோடு தள்ளினால், ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் கிழியும். உள்ளே தள்ளும்போது கைப்பிடியில் இருக்கும் ஆயில் கிண்ணம் நிரம்பி வழியலாம். வழிந்த ஆயில் பெயின்டைத் தின்றுவிடும். உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போய்விடும், ஏனென்றால் அது தண்ணீரில் கரையும். கிண்ணத்து மூடியைத் திறக்குமுன் சுற்றியுள்ள தூசியைத் துடைப்பது, ஸ்குரூவின் தலைக்குச் சரியாகப் பொருந்தும் டிரைவரால் அழுத்திப் பிடித்துத் திருப்புவது இரண்டும் முக்கியம். தலை அறுந்த ஸ்குரூ அரை நாளைத் தின்றுவிடும்.

ஆயில் மாற்றுவது பொறுமையான வேலை. காலிப்பரில் ஆயிலை வெளியேற்றுவதற்கென்று இருக்கும் நிப்பிளில் ஸ்பேனரை வைத்து, அதன்மேல் தெளிவான டியூபைச் செருகி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலில் மூழ்க வைக்க வேண்டும். லீவரை அழுத்திப் பிடித்து, நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து, மூடிய பிறகே லீவரை விட வேண்டும். இந்த வரிசை தவறினால் காற்று உள்ளே போகும். மேலே கிண்ணத்தில் ஆயில் வற்றவே கூடாது. டியூபில் கறுத்த ஆயில் மெல்ல வெளிறி, பிறகு தேன் நிறம், பிறகு ஏறக்குறைய நிறமற்றதாக வருவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம்.

எல்லாவற்றையும் பூட்டிய பிறகு, வண்டியை ஓர் அடிகூட நகர்த்துமுன், லீவர் இறுகும்வரை அழுத்தி அழுத்தி விட வேண்டும். இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். உள்ளே தள்ளிய பிஸ்டன் பேடைத் தொட்டு நிற்கும்வரை அந்த வண்டிக்கு முன் பிரேக் இல்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 16 மீட்டருக்கு மேல் போகிறது. சாலையில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அல்ல இது. பேட் புதிது என்றால் முதல் சில நாட்களுக்கு முழு பிடிப்பு வராது. முன்னால் போகும் வண்டிக்குக் கூடுதல் இடைவெளி விட்டு, மெல்ல மெல்லப் பிடித்துப் பழக்க வேண்டும்.

டிரம்மில் வேலை குறைவு. பிரேக் பிடிக்கவில்லை என்று எங்கே சொன்னாலும் கிடைக்கும் பதில் 'டைட் வைத்துவிட்டோம்' என்பதுதான். பிரேக் பிடிக்கத் தொடங்குமுன் பெடல் கொஞ்ச தூரம் சும்மா இறங்க வேண்டும். பல கையேடுகள் 20 முதல் 30 மில்லிமீட்டர் கேட்கின்றன. அதைவிட இறுக்கினால் ஷூ டிரம்மை உரசிக்கொண்டே ஓடும், பெட்ரோலும் போகும், ஷூவும் தேயும். இறுக்கிய பிறகு சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பாருங்கள்.

நான் தொடாத வேலைகளும் உண்டு. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகள் எல்லாவற்றுக்கும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம் ஆகிவிட்டது. ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்று புகுந்துவிட்டால் பல வண்டிகளில் அதை எடுக்க ஷோரூமின் கணினிக் கருவி தேவை. கிண்ணம் வற்றாமல் ஆயில் மாற்றுவதோடு நான் நின்றுகொள்கிறேன். லீவர் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டர், ஹோஸ், ஏபிஎஸ் மூன்றுக்கும் ஷோரூம் கேட்கும் லேபரை மறுபேச்சில்லாமல் கொடுப்பேன். அங்கே அந்தப் பணத்துக்கு நியாயம் இருக்கிறது. உத்தரவாதக் காலத்து இலவச சர்வீஸ்களையும் தவற விடுவதில்லை.

பொருள் வாங்குவதற்கு ஜி.பி. ரோடு இருக்கிறது. பிரேக் செய்கிற ஊரே இது: பாடியில் பிரேக்ஸ் இந்தியா 1962-இல் தொடங்கியது, அம்பத்தூரில் ரானே குழுமத்தின் பிரேக் லைனிங் ஆலை இருக்கிறது. இப்படிப்பட்ட ஊரில் உதிரியாகக் கட்டி வைத்த, பெயரில்லாத பேடை 100 ரூபாய் குறைவு என்று வாங்க வேண்டியதில்லை. சீல் உடையாத பெட்டி, அதன்மேல் உங்கள் வண்டியின் பாகம் எண், அச்சிட்ட விலை, கையில் ஒரு பில். புதுப்பேட்டையில் கழற்றிய சாமான்களில் கண்ணாடி வாங்கலாம், ஸ்டாண்டு வாங்கலாம். பிரேக் பாகம் எதையும் வாங்கக் கூடாது. ஆயில் சிறிய குப்பியாக இருக்கட்டும். ஒருமுறை திறந்த குப்பியில் மிஞ்சியதை அடுத்த ஆண்டுக்கு வைத்திருந்தால் அதுவும் ஈரத்தை வாங்கியிருக்கும். கிண்ண மூடியில் எந்த டாட் எழுதியிருக்கிறதோ அதையே வாங்குங்கள். டாட் 5 சிலிக்கான் வகை, டாட் 5.1 கிளைக்கால் வகை. எண் நெருங்கியிருப்பதால் ஒன்றுக்கு மற்றொன்றை ஊற்றிவிட வேண்டாம்.

உரிமை என்ற கோணமும் இதில் உண்டு. உதிரிபாகங்களையும் பழுதுபார்க்கும் தகவல்களையும் வெளிக்கடைகளுக்குக் கிடைக்காமல் வைத்திருந்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு எதிராக இந்தியப் போட்டி ஆணையம் 2014-இல் உத்தரவிட்டு, 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. 2022 டிசம்பரில் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. வாகனத் துறையும் அதன் வரம்பில் வருகிறது. இருசக்கர வண்டிக்கு போல்ட்டின் டார்க் அளவு, டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் போன்ற எண்கள் சர்வீஸ் கையேட்டில் இருக்கின்றன. டிஸ்க்கின் அளவு பெரும்பாலும் டிஸ்க்கின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். கேட்டு வாங்குவதில் தவறே இல்லை.

ஸ்பேனரைத் தொட விருப்பமில்லாதவர்கள், நேரமில்லாதவர்கள், அடுக்குமாடியில் இடமில்லாதவர்கள் ஷோரூமுக்கே போகட்டும். வண்டியை விடும்போது மட்டும் மூன்று விஷயங்களை ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள்: காலிப்பரைக் கழற்றி ஸ்லைடு பின்னுக்கு கிரீஸ் வைக்க வேண்டும்; கழற்றிய பழைய பேட் இரண்டையும் என் கையில் கொடுக்க வேண்டும்; பிரேக் ஆயில் மாற்றிய மாதமும் ஆண்டும் பில்லில் வர வேண்டும். வாங்கிய பேட்களை அடுத்தடுத்து வைத்துத் தடிமனைப் பாருங்கள். இரண்டும் சமமாக இல்லை என்றால் வண்டியை எடுக்காமல், காலிப்பரை இன்னொரு முறை உங்கள் முன்னால் திறந்து காட்டச் சொல்லுங்கள்.